மானிட்டர் இரண்டு மூன்று நொடி இருண்டு திரும்புகிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். வீட்டுக் கணினியில் ஒரு தொல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகிறது. இரண்டு மூன்று நொடியில் தானாகத் திரும்பிவிடுகிறது. கணினி நிற்பதில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு ஓடுகிறது. சில நாள் ஒருமுறைகூட வராது, சில நாள் காலை முழுக்க இதே கூத்து.

24 அங்குல மானிட்டர், முழு எச்டி, 75 ஹெர்ட்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போகிறது. விண்டோஸ் 11. மகன் விளையாட வாங்கியது. பகலில் நான் டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தாக்கலுக்கு 20ஆம் தேதி நெருங்கும்போது இது இப்படி மிரட்டினால் கை ஓட மறுக்கிறது. டிரைவரைப் புதுப்பித்தாயிற்று. கடைக்குத் தூக்கிப்போனேன். அங்கே அரை நாள் ஓடவிட்டும் ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. ஆனாலும் "கார்டு போகிற நிலையில் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்" என்று 18,000 ரூபாய் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ஈயப்பற்று:
கொஞ்சம் பொறுங்கள் அம்மா. கடையில் கறுக்கவில்லை என்பதே கார்டுக்குச் சாதகமான சாட்சி. கார்டு, கேபிள், மானிட்டர், மின்சாரம் என்று நான்கு பேர் மேல் சந்தேகம் இருக்கும்போது, விலை அதிகமானவரை முதலில் பிடிப்பது கடைக்காரருக்கு வசதி.

முதலில் விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். திரை கறுத்த நேரத்தில் டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருக்கிறதா? கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை உதறி எழுப்பிவிட்டு எழுதிவைக்கும் குறிப்பு அது. இருந்தால் கார்டு அல்லது டிரைவர் பக்கம் போகலாம்.

அடுத்து, கறுத்திருக்கும் நொடிகளில் மானிட்டரின் சிறு விளக்கைக் கவனியுங்கள். நிறம் மாறுகிறதா, "சிக்னல் இல்லை" என்ற எழுத்து வருகிறதா? வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. விளக்கு மாறாமல் திரை மட்டும் இருண்டால் பின்னொளி பழுதாக இருக்கலாம். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும்.

மடிக்கணினிப்பிரியன்:
இந்தக் காலத்தில் யார் மேசைக் கணினி வைத்திருக்கிறார்கள்? விற்றுவிட்டு மடிக்கணினி வாங்குங்கள்.

ஈயப்பற்று:
தலைவலிக்கு மருந்து கேட்டால் தலையை மாற்றச் சொல்கிறீர்களே.

கணக்குப்பிள்ளை:
4101 எங்கும் இல்லை. டார்ச்சைத் தேடி எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. ஆனால் விளக்கு நீலத்திலிருந்து ஒரு கணம் ஆரஞ்சுக்குப் போய்வருவதைப் பார்த்துவிட்டேன்.

ஈயப்பற்று:
அப்படியானால் சிக்னல் அறுபடுகிறது. கேபிளை இரு முனையிலும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். பிறகு டிஸ்ப்ளே அமைப்பில் 75 ஹெர்ட்ஸை 60 ஆக்கிப் பாருங்கள். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். அது ஏற ஏறக் கேபிள் வழியாக நொடிக்குப் போக வேண்டிய தரவும் ஏறும். தரம் குறைந்த கேபிள் அங்கேதான் திணறும். 60இல் நின்றுவிட்டால் வேறு கேபிள் வாங்கினால் முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
60 வைத்தேன், குறையவில்லை. ஆனால் வேறொன்று கண்டுபிடித்தேன், சிரிக்காதீர்கள். குக்கர் விசில் அடித்தால் திரை கறுக்கிறது. முதலில் என் பிரமை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். இன்று பருப்பு வைத்தபோது அவரையே பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினேன். விசில் வந்தது, கறுத்தது. இப்போது அவர் வாய் திறப்பதில்லை. எங்களுடையது காஸ் அடுப்பு, இண்டக்‌ஷன் இல்லை.

பழைய வயர்மேன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இனி பேசாமல் இருக்க முடியாது. அம்மா, விசில் வந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுப்பை அணைக்க எழுந்திருப்பீர்கள். கறுப்பது விசிலுக்கா, நீங்கள் எழுந்ததற்கா? நாற்காலி எப்படிப்பட்டது? லீவரை இழுத்தால் உயரம் ஏறி இறங்கும் சக்கர நாற்காலியா? அறையில் ஏசி உண்டா? கணினிப் பெட்டியின், அதாவது கேபினெட்டின், பின்புறத் திருகைத் தொட்டால் சுரீர் என்கிறதா?

கணக்குப்பிள்ளை:
ஐயா, நாற்காலி நீங்கள் சொன்ன வகைதான். ஏசியும் உண்டு, வெயில் தாங்காமல்தான் கணினியைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு மாற்றினோம். திருகைத் தொட்டால் மட்டுமல்ல, ஈரக்கையோடு யுஎஸ்பி செருகினாலே எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது. இப்போது விசில் இல்லாமலே எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். கறுத்தது!

பழைய வயர்மேன்:
இரண்டு சங்கதி கைகோத்திருக்கின்றன.

ஒன்று நாற்காலி. பாலியெஸ்டர் துணியும் நுரை மெத்தையும் உரசி நிலைமின்னூட்டம் சேரும். ஏசி அறையின் உலர்ந்த காற்றில் அது எளிதில் கசிந்து போகாது. நீங்கள் எழும்போது அது நாற்காலியின் இரும்புத் தண்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறியாகப் பாயும். பொறி என்றால் ரேடியோ அலையும் உண்டு. மேசைக்கடியில் தொங்கும் வீடியோ கேபிள் அதை ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும். மானிட்டர் சிக்னலின் பிடியை விட்டுவிட்டு, மறுபடி பிடிக்க இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும். இப்படி ஏறி இறங்கும் காஸ் லிஃப்ட் நாற்காலியால் திரை கறுப்பது நான் கட்டிய கதை இல்லை, பல நாடுகளில் தெரிந்த சங்கதி. கடையில் வராததற்கும் காரணம் புரிகிறதா? உங்கள் நாற்காலி அங்கே போகவில்லை.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. அந்தச் சுரீர், எர்த் இல்லை என்பதற்கு அடையாளம். கணினியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல் இரும்புக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கடிப்பதோடு நிற்கிறது. உள்ளே எதாவது கசிந்தால் கடியோடு நிற்காது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 230 பக்கம் காட்ட வேண்டும். நீங்களாகத் திறக்க வேண்டாம். ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். சோம்பேறிகள் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போட்டுவிட்டு "எர்த் வந்துவிட்டது" என்பார்கள். நாளைக்கு நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்பவரை உடனே வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஈயப்பற்று:
வயர்மேன் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. கேபிள் பக்கம் நான் சேர்க்க வேண்டியது: நீளத்தைக் குறையுங்கள். ஒன்றரை மீட்டர் போதுமான இடத்தில் ஐந்து மீட்டரைச் சுருட்டித் தொங்கவிடாதீர்கள். நல்ல ஷீல்டு, அதாவது உள்ளே உலோக உறை, உள்ளதாக, முனையில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் உருளை உள்ளதாக வாங்குங்கள். செலவு செய்யும் முன் ஒரு நாள் மர நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியைப் போட்டு வேலை பார்த்தேன். ஒருமுறைகூடக் கறுக்கவில்லை, இடுப்புதான் போனது. நேற்று எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். பச்சை வயர் பெட்டிவரை வந்திருக்கிறது. சாக்கெட்டில் சேர்க்காமல் மடித்து உள்ளே திணித்து வைத்திருக்கிறார்கள்! வீடு கட்டியதிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறது. சேர்த்த பிறகு பேஸுக்கும் எர்த்துக்கும் 228 காட்டியது. கேபினெட் கடிப்பது அடியோடு நின்றது. கறுப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்று குட்டைக் கேபிள் மாற்றினேன், பழைய நாற்காலியில் வேண்டுமென்றே எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். திரை அசையவில்லை. கேபிளும் கூலியும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. மற்ற அறைகளின் பெட்டிகளையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய வயர்மேன்:
நல்லது. வாஷிங் மெஷினும் ஹீட்டரும் இருக்கும் பிளக்குகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே எர்த் குழி இருந்தால் கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

இரவுப்பணியாளன்:
இதே இழையில் கேட்கலாமா? என் பழைய மானிட்டர் விஜிஏ கேபிளில் திடீரென்று முழுக்க ஊதாச் சிவப்பாகத் தெரிகிறது. கேபிளை அசைத்தால் ஒரு கணம் சரியாகிறது. மானிட்டர் போய்விட்டதா?

ஈயப்பற்று:
மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி பின்னில் வருகின்றன. பச்சை வராவிட்டால் மீதி இரண்டும் கலந்து நீங்கள் சொல்லும் நிறம்தான் வரும். கணினியை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றி, மேல் வரிசையில் 2ஆம் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தலாம், ஒருமுறைக்கு மேல் ஆட்டினால் முறிந்துவிடும். நடு வரிசையில் 9ஆம் பின் இல்லாமல் இருந்தால் பதறாதீர்கள். பல கேபிள்கள் அது இல்லாமலேதான் வருகின்றன.

இரவுப்பணியாளன்:
2ஆம் பின் படுத்துக் கிடக்கிறது. இடுக்கி இல்லை, மனைவியின் புருவச் சாமணம்தான் இருக்கிறது. அவர் தூங்கட்டும், பிறகு நிமிர்த்துகிறேன்.