ரீப்பர் செடி புதர் மாதிரி வளந்திருக்கு, ஆனா ஒரு காய் கூட நிக்கல

தொட்டிக்காரன்:
வணக்கம் மக்களே. கரோலினா ரீப்பர்ங்கிற பயங்கர காரமான மிளகா விதை வாங்கிப் போட்டேன், முளைக்கவே ஒரு யுகம் ஆச்சு, இப்போ செடி இடுப்பு உயரத்துக்கு நிக்குது. பூ கொத்து கொத்தா வைக்குது ஆனா ரெண்டு மூணு நாள்ல காம்பு மஞ்சளாகி உதிர்ந்துடுது, காலைல பாத்தா தொட்டியச் சுத்தி பூவா கிடக்கு. குருத்து இலை வேற சுருங்கி தடிச்சுப் போயிருக்கு. வாராவாரம் புண்ணாக்கு கரைசல் ஊத்துறேன், தண்ணி தினமும். இன்னொரு டவுட், பக்கத்து தொட்டில சாதா பச்சமிளகா இருக்கு, அந்த மகரந்தம் சேந்தா ரீப்பரோட காரம் கொறஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?

மண்வெட்டி:
கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன், அது சுத்தப் புருடா. எந்த மகரந்தம் பட்டாலும் காயோட காரம் தாய்ச்செடியப் பொறுத்துதான். கலப்பு ஆனது உள்ள இருக்கிற விதைலதான் இருக்கும், அத எடுத்து அடுத்த தடவ போட்டாதான் தெரியும். விதை சேமிக்கணும்னா மட்டும், பூ விரியறதுக்கு முன்னாடியே மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடிச்சதும் பைய எடுத்துட்டு அந்தக் காம்புல ஒரு நூல் கட்டி வைங்க.

பூ உதிர்றதுக்கு வருவோம். புண்ணாக்க உடனே நிறுத்துங்க ப்ரோ. அதுல தழைச்சத்து (நைட்ரஜன்) ஜாஸ்தி, செடி இலையா போட்டுத் தள்ளும், காய்ல நாட்டம் இருக்காது. பூக்க ஆரம்பிச்சாச்சுன்னா சாம்பல் சத்து (பொட்டாஷ்) உள்ள உரத்துக்கு மாறிடணும். அடுத்தது சூடு. பகல்ல 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் சூடு இறங்கலைன்னா மகரந்தம் வீணாப் போகும், அப்ப எத ஊத்துனாலும் பூ நிக்காது, மத்தியான வெயிலுக்கு மட்டும் நிழல்வலை போட்டுட்டு காத்திருக்கறதுதான் வழி. காத்து வராத இடம்னா காலைல பூ விரிஞ்சதும் கிளைய லேசா தட்டி விடுங்க, ஒரே பூவுல ஆணும் பெண்ணும் இருக்கு, அதுவே போதும்.

லென்சாண்டி:
எல்லாரும் உரத்தப் பத்தியே பேசுறீங்க, குருத்து சுருங்கினத யாரும் கண்டுக்கல. இலை எந்தப் பக்கமா சுருளுதுன்னு பாருங்க தம்பி. ஓரம் மேல மடிஞ்சு படகு மாதிரி இருந்தா இலைப்பேன், அதாவது சாறு உறிஞ்சுற த்ரிப்ஸ் பூச்சி. கீழ்ப்பக்கமா மடிஞ்சு, காம்பு நீண்டு, இலை தடிப்பா ஆயிட்டா அது முரணைச் சிலந்தி, இலைச் சாறு உறிஞ்சுற ரொம்பக் குட்டி உண்ணி (மைட்). வெறுங்கண்ணுக்கு சிக்காது, லென்ஸ் வச்சு குருத்து இலையோட அடில பாக்கணும். மொட்டு உதிர்றதுக்கும் ரெண்டுமே காரணமா இருக்கும்.

காரசாரம்:
காய் பழுக்குற நேரத்துல தண்ணிய நிறுத்தி வாடவிட்டா காரம் ஏறும்னு யாராவது வந்து சொல்வாங்க, கேக்காதீங்க. ரீப்பர் 2013ல உலகத்துலயே காரமான மிளகான்னு கின்னஸ் ரெக்கார்ட் வாங்கின ரகம், சராசரியே 15 லட்சம் ஸ்கோவில்லுக்கு (காரத்த அளக்குற அலகு) மேல, அப்புறம் 2023ல பெப்பர் எக்ஸ்ங்கிற இன்னொரு மிளகா ரகம் வந்து 26 லட்சத்த தாண்டி அத முந்திச்சு. இவ்ளோ காரம் ரகத்துலயே இருக்கு, நீங்க வாட்டி என்னத்த ஏத்தப் போறீங்க, காயும் பூவும் கொட்டுறதுதான் மிச்சம். அதுக்காக தினமும் ஊத்தணும்னும் இல்ல, விரல விட்டுப் பாத்து மேல்மண் காஞ்சிருந்தா ஊத்துங்க.

இன்னொன்னு, காய் வந்ததும் ஆசைல வெறுங்கையால கிள்ளிடாதீங்க. நறுக்கிப் பாத்தா விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதை எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருக்கும், காரம் பூரா அங்கதான், விதைல இல்ல. கிளவுஸ் போட்டுக்குங்க. கைல பட்டுச்சுன்னா வெறும் தண்ணில கழுவி பிரயோஜனம் இல்ல, அது தண்ணில கரையாது, மொதல்ல சமையல் எண்ணெய் தேய்ச்சுட்டு அப்புறமா சோப்பு. மிக்ஸில போட்டு பொடிச்சா உடனே மூடிய திறக்காதீங்க, வீடே இருமும்.

தொட்டிக்காரன்:
லென்ஸ்ல பாத்தாச்சு அண்ணா, கீழ்ப்பக்கமாதான் மடிஞ்சிருக்கு, வெளுப்பா ஏதோ ஊருது. போன வாரம்தான் வேப்பெண்ணெய் அடிச்சேன், அதுக்கு மேல கந்தகம் அடிக்கலாமா? செடிய பிடுங்கிடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

லென்சாண்டி:
பிடுங்கவேண்டாம். ஆனா எண்ணெய் அடிச்ச செடில ரெண்டு வாரத்துக்கு கந்தகம் ஆகாது, இலை கருகிடும். அதுவரைக்கும் ரொம்ப சுருங்கின குருத்துகள கிள்ளி ஒரு கவர்ல கட்டி அப்புறப்படுத்துங்க, அந்தப் பச்சமிளகா தொட்டிய தள்ளி வைங்க, அதுக்கும் தொத்தும். அப்புறம் நனையும் கந்தகத்தூள பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல தண்ணில கலந்து, வெயில் தாழ்ந்தப்புறம் இலையோட அடி நனையற மாதிரி அடிங்க. சுருங்கின இலை திரும்ப நிமிராது, அதப் பாத்து பயப்படாதீங்க, புதுசா வர்ற குருத்து சீரா இருக்கான்னு மட்டும் பாருங்க.