டாக்கிங் ஸ்டேஷன் வழியே 4கே திரை 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

கேள்வி:
வீட்டு அலுவலக மேசையில் மடிக்கணினியை ஒரே யூஎஸ்பி-சி கேபிளால் டாக்கிங் ஸ்டேஷனுடன் (திரை, விசைப்பலகை போன்றவற்றைக் கணினியோடு சேர்க்கும் இணைப்புப் பெட்டி, சுருக்கமாக டாக்) இணைத்திருக்கிறேன். சார்ஜ் ஏறுகிறது, விசைப்பலகை இயங்குகிறது. ஆனால் 4கே திரையில் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவுகிறது. அமைப்புகளில் 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கப்படுவது) மேல் தேர்வே இல்லை. திரையை நேரடியாக மடிக்கணினியின் யூஎஸ்பி-சியில் செருகினால் 60 கிடைக்கிறது. டாக் பழுதாகிவிட்டதா?

மறுமொழி:
பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. யூஎஸ்பி-சி கேபிளில் அதிவேகத் தரவுக்கு நான்கு தடங்கள் உள்ளன. நேரடியாகச் செருகும்போது நான்கும் படத்துக்கே பயன்படுகின்றன. டாக் இடையில் வரும்போது, யூஎஸ்பி 3 கருவிகளுக்காகப் பெரும்பாலும் இரண்டு ஒதுக்கப்பட்டு, மீதமுள்ள இரண்டில்தான் படம் செல்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் தரநிலையான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு வேகத்தில் அந்த இரண்டு தடங்கள் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில் அனுப்பவே போதுமானவை. கணினி, டாக் இரண்டும் 1.4 பதிப்பின் கூடுதல் வேகத்தை ஏற்றால் 60 கிடைக்கும். சில டாக்குகளில் யூஎஸ்பியை 2.0 வேகத்துக்குக் குறைத்து நான்கு தடங்களையும் திரைக்கே தரும் வசதி உண்டு. வெளி வன்தட்டு பயன்படுத்தாதவருக்கு அது மிக நல்ல ஏற்பாடு.

இன்னொரு மறுமொழி:
உங்கள் சுட்டி கம்பியில்லாததா? யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடியவை. டாக்கின் பின்புறம், வன்தட்டுக் கேபிளை ஒட்டிச் செருகியிருந்த என் சுட்டி ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டிச் சுட்டியின் அருகே வைத்த பிறகுதான் தாவல் நின்றது.

கேட்டவர்:
இரண்டும் பொருந்துகின்றன, மிக்க நன்றி. ரிசீவரை நகர்த்தியதும் தாவல் பாதி குறைந்துவிட்டது. யூஎஸ்பி வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று டாக்கின் கையேட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.