சிப்பிப்பாறை நாய்க்குட்டிய பறவை பாக்கப் போறப்ப கூட்டிட்டுப் போலாமா?

கண்மாய்க்கரை (மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒரு சிப்பிப்பாறை பொட்டைக்குட்டி இருக்கு, ஒன்பது மாசம் ஆகுது, கோவில்பட்டி பக்கம் சித்தப்பா வீட்ல போட்ட குட்டி. தடுப்பூசியெல்லாம் போட்டாச்சு, கார்ப்பரேஷன் லைசென்ஸும் எடுத்தாச்சு.

ஞாயித்துக்கிழமை ஆனா நான் விடியறதுக்கு முன்னாடி பைனாகுலர தூக்கிட்டு கெளம்பிடுவேன், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, இல்லன்னா ஏதாவது கண்மாய், அப்பப்ப சிறுமலை மேகமலைன்னு போவேன். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இந்தப் பழக்கம், விடறதா இல்ல. வேலை நாள்ல காலையும் சாயங்காலமும் கயிறு போட்டு தெருவுல நடத்துறோம், ஆனா ஓடறதுக்குன்னே பொறந்த நாய்க்கு அது எங்க பத்தும்? ஞாயிறு நான் ஷூ போட்டாலே கேட்டுக்கிட்ட போய் நின்னுக்கிட்டு அழுகுது, நான் வர்ற வரைக்கும் அம்மாவ ஒரு வேலை பாக்க விடறதில்ல, செருப்பு தலகாணின்னு கெடச்சதெல்லாம் கிழிக்குது.

கூட்டிட்டே போயிடலாம்னு பாத்தா பறவை குரூப்ல ஒருத்தர் நாயோட வராதீங்கன்னு கறாரா சொல்லிட்டார். இன்னொருத்தர் இது நம்ம மண்ணு நாய்தானே, அவுத்து விடுங்க, கூப்டா வந்துரும்ங்கறார். எது சரி? மலைக்கு கூட்டிட்டுப் போலாமா? எங்கதான் ஓட விடறது? நாய் வச்சிருக்கவங்க, காடு மலைன்னு சுத்தறவங்க ரெண்டு பேருமே சொல்லுங்க.

தவிட்டுக்குருவி:

சகோ, கறாரா சொன்னவர் பக்கம்தான் நான். அரிட்டாபட்டி 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம், தமிழ்நாட்டுலயே முதல் இடம் அதுதான். சுத்தி ஊரு இருக்கு, ஆடு மாடு மேயுது, வேலி கெடையாது, அதனால நாயும் வந்தா என்னன்னு தோணும். ஆனா அங்க பாறை மேல கூடு கட்டற வல்லூறுக்கு நாயால ஒன்னும் ஆகாது, தரையில முட்டை போடறதுகளுக்குத்தான் ஆபத்து. ஆள்காட்டி, கவுதாரி, வானம்பாடி, ராத்திரி பறக்கற பக்கின்னு எல்லாப் பறவையுமே வெறுந்தரையில, இல்லன்னா புல்லுக்கு அடியில முட்டை போடும். பக்கத்துல நின்னாலும் நம்ம கண்ணுக்கே தெரியாது, நாய் மூக்குக்கு தெரிஞ்சிரும்.

சரி என் நாய் முட்டைய தின்னாதுன்னு சொல்லலாம். திங்க வேணாம் சகோ, சும்மா அந்தப் பக்கம் சுத்துனாலே போதும். ஆள்காட்டி மார்ச்சுல இருந்து கோடை முழுக்க முட்டை போடும், அந்த வெயில்ல தாய் முட்டைக்கு மேல நின்னு நிழல் குடுத்துட்டு இருக்கும், வயித்து இறக தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டைய குளிர வைக்கும். நாயப் பாத்து அது எந்திரிச்சு கத்திக்கிட்டே சுத்துற நேரம் பூரா முட்டை வெயில்ல வேகுது. அது கத்தறத நாம பாத்துட்டு நல்ல போட்டோ கெடச்சுதுன்னு வந்துருவோம். கண்மாய்லயும் அப்படித்தான், அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வர்ற உள்ளான் கூட்டம் சேத்துல இரை பொறுக்கிட்டு இருக்கும், ஒரு நாய் கரைய விட்டு உள்ள இறங்கினா மொத்தமும் எந்திரிச்சுப் போயிரும், திரும்ப உக்கார ரொம்ப நேரம் ஆகும்.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடறது, கொல்றது மட்டும் இல்ல. துரத்துறது, விரட்டுறது, பறவையோட முட்டையவோ கூட்டையோ கலைக்கிறது எல்லாமே அதுக்குள்ள வருது. முயல் பின்னாடி நாய விட்டு வனத்துறைகிட்ட மாட்டி அபராதம் கட்டுன செய்திய நம்ம பக்கம் அடிக்கடி பாக்கலாம். நான் ஏவல, அதுவா ஓடிச்சுன்னு சொன்னா யாரு கேப்பா?

கரிசக்காட்டான் (விருதுநகர்):

தம்பி, எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து சிப்பிப்பாறையும், அதே மாதிரி வேட்டை நாயான கன்னியும் வளக்கோம். கூப்டா வந்துரும்னு சொன்னவரு இந்த நாய வளத்திருக்க மாட்டாரு. இது கண்ணால பாத்து ஓடற நாய். வீட்டுக்குள்ள பேர் சொன்னா வால ஆட்டிக்கிட்டு வரும், வெளிய ஒரு முயலு தாவிட்டா அந்த நிமிஷத்துல இருந்து நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது. காது கேக்காதுங்கிறது இல்ல, மனசு முழுக்க முன்னாடி ஓடறதுலயே இருக்கும். அதுல நாய குத்தம் சொல்லி அடிக்கிறதுல அர்த்தமே இல்ல, தலைமுறை தலைமுறையா நாமதான அதுக்குன்னு பாத்துப் பாத்து வளத்தோம்.

நான் ரொம்பப் பயப்படறது வேற விஷயத்துக்கு. நம்ம காட்டுப் பக்கம் தரையோட தரையா கெடக்கற கிணறு எத்தனை, சொல்லுங்க. கைப்பிடிச் சுவரே இருக்காது, சுத்தி கருவேல மரம் மூடிக் கெடக்கும். முழு வேகத்துல ஓடற நாய்க்கு அது தெரியறதுக்குள்ள உள்ள விழுந்துரும், எங்க ஊர்ல நல்ல நல்ல நாய்க அப்படித்தான் போச்சு. மக்காச்சோளம் போட்ட காட்டுல பன்னிக்கு கரண்ட் வேலி போட்டிருப்பான், மலை அடிவாரத்துல அவுட்டுக்காய் வச்சிருப்பான், தீனிக்குள்ள வெடிமருந்து வச்சது, வாய் வச்சா தாடையே போயிரும். இதெல்லாம் சட்டத்துக்கு விரோதம்தான், ஆனா இருக்கு. அப்புறம் கிடை ஆடு. ஆட்டுக்காரர் பொழப்பே அந்த ஆடுதான், நம்ம நாய் விரட்டி ஒரு செனையாடு குட்டி வீசிருச்சுன்னா காசு குடுத்தா மட்டும் தீந்துருமா?

அதுக்காக ஓட விடாம வச்சிராதீங்க, அது அதவிட பாவம். அறுவடை முடிஞ்ச காடு, தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு, மதில் இருக்கிற காலி பிளாட் எதாவது பாத்து உரிமையாளர்கிட்ட கேட்டுக்கங்க, மொதல்ல நீங்க தனியா ஒரு சுத்து நடந்து கிணறு, கம்பி, கண்ணாடித் துண்டு பாருங்க. அப்புறம் பதினைஞ்சு மீட்டர் நீளக் கயிறு, அந்த சாதா நைலான் கயிறு இல்ல, கை அறுத்துரும், பட்டையா வர்ற நாடா வாங்குங்க. கழுத்துல கட்டாதீங்க, வேகமா ஓடி கயிறு முடியற இடத்துல கழுத்து ஒடிஞ்சிரும், நெஞ்சோட போடற பெல்ட்டுல மாட்டுங்க. இந்த இனத்துக்கு தலை கழுத்தவிட ஒல்லி, சாதா பட்டைய பின்னால இழுத்து உருவிட்டு ஓடிரும், இழுத்தா இறுகற மாதிரி அகலப் பட்டை இருக்கு, அதத்தான் தெருவுக்குப் போடணும்.

எஸ்டேட்வாசி (வால்பாறை):

மலை பத்தி மட்டும் நான் சொல்றேங்க. மேகமலை 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகங்க, அங்க நாயோட போறத நெனைக்கவே வேண்டாம். சிறுமலையிலயும் காப்புக்காடு நெறைய இருக்குது. 2018 மார்ச்ல குரங்கணி தீயில 23 பேர் இறந்ததுக்கு அப்புறம் அனுமதி இல்லாம மனுசனே காட்டுக்குள்ள மலையேறப் போகக்கூடாதுன்னு விதி இறுகிடுச்சு, வனத்துறை வழிகாட்டியோட போற பாதையிலதான் போகணும், அதுல நாய சேக்கற பேச்சே இல்லைங்க.

விதிய விடுங்க, இங்க குடியிருக்கறவங்களுக்கு தெரியும். சிறுத்தைக்கு நாய்னா சாதாரண இரைங்க, எங்க எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசல்ல படுத்த நாயவே தூக்கிட்டுப் போகுது. யானைகிட்ட நாய் குரைச்சா யானை தொரத்தும், நாய் எங்க ஓடும்? நேரா உங்க காலுக்கு நடுவுல வந்து நிக்கும். கரடியும் அப்படித்தான். காட்டு மாடும் அப்படித்தான். நாய் கூட இருந்தா நமக்கு பாதுகாப்புன்னு நெனைக்கறது தோட்டத்துல சரிங்க, காட்டுல நேர் எதிரா முடியும்.

இன்னொன்னு யாரும் பேசறதில்ல, நோய். நாய்க்கு வர்ற டிஸ்டம்பர் வைரஸ் காட்டு விலங்குக்கும் பரவும். 1994ல ஆப்பிரிக்கா செரங்கெட்டியில சிங்கத்துல மூணுல ஒரு பங்கு அதுல செத்துச்சு, சுத்தி இருந்த ஊர் நாய்ங்ககிட்ட இருந்து போனதுன்னு ஆராய்ச்சியாளருங்க சொன்னாங்க. 2018ல நம்ம குஜராத் கிர் காட்டுல கொஞ்ச நாளுக்குள்ள 20க்கு மேல சிங்கம் போச்சு, அதுல சிலதுக்கு இதே வைரஸ் உறுதியாச்சு. இங்க செந்நாய், நரி எல்லாம் நாய்க்கு சொந்தக்காரங்க, கூட்டமா வாழற செந்நாய்க்குள்ள ஒன்னுக்கு வந்தா மொத்தமும் போயிரலாம். எனக்கு செந்நாய்ங்க ரொம்பப் புடிக்கும், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஊசிமருந்து (திருச்சி):

நான் கால்நடை மருத்துவர். மேல சொன்னவங்க காட்டப் பத்தி சொல்லிட்டாங்க, நான் நாய் உடம்பப் பத்தி சொல்றேன்.

ஒன்பது மாசத்துல எலும்பு இன்னும் வளர்ந்துகிட்டு இருக்கு. அது இஷ்டத்துக்கு ஓடி விளையாடறது நல்லது, ஆனா சைக்கிள் பின்னாடி கிலோமீட்டர் கணக்குல ஓட வைக்கிறது, உங்க கூட ஜாகிங் கூட்டிட்டுப் போறதெல்லாம் ஒன்றரை வயசு தாண்டட்டும். பொட்டைங்கறதால முதல் தடவை பருவத்துக்கு வர்ற வயசும் இதுதான், மூணு வாரம் போல இருக்கும், அந்த நாட்கள்ல திறந்த வெளியில விட்டீங்கன்னா சுத்துவட்டாரத்து கடுவன் எல்லாம் வந்துரும், சண்டையும் வரும், குட்டியும் வரும். கருத்தடை எப்ப செய்யலாம்னு உங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசி வச்சிருங்க.

வெயில். மதுரை வெயில்ல காலை ஏழரைக்கு மேல ஓட விடாதீங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, இரைச்சுதான் சூட்ட வெளியேத்தணும். சாதாரணமா 101ல இருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும், 105 தாண்டுனா உள்ளுறுப்பு பாதிக்க ஆரம்பிக்கும். நிக்காம இரைக்குது, எச்சில் கெட்டியா ஒழுகுது, ஈறு அடர் சிவப்பா மாறுது, தள்ளாடுதுன்னா உடனே நிழல், உடம்பு பூரா குழாய்த் தண்ணிய ஊத்துங்க, வயிறு தொடை இடுக்குல நல்லா, விசிறி விடுங்க, ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. ஈரத்துண்ட மேல போத்தி விட்டுறாதீங்க, சூடு உள்ளயே தங்கிரும். தார் ரோட்டுல உங்க புறங்கைய ஏழு செகண்ட் வைக்க முடியலன்னா அது நடக்கவும் முடியாது.

புல்லு, புதர் உள்ள எடம் போய் வந்த அன்னிக்கே உண்ணி பாருங்க, காதுக்கு உள்ள, விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில. சின்ன இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும், தீக்குச்சி மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். சாப்பாடு குறையுது, ஈறு வெளுக்குது, மூக்குல ரத்தம் வருதுன்னா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், நாள் கடத்தாம ரத்தம் பாருங்க. கண்மாய் தண்ணி, வாய்க்கால் தண்ணி குடிக்க விடாதீங்க, எலிக்காய்ச்சல் அதுல வரும், வீட்டுத் தண்ணியையே பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க. எலிக்காய்ச்சல் ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் வருஷா வருஷம் தவறக்கூடாது. பாம்பு கடிச்ச மாதிரி தெரிஞ்சா கட்டு போடாம, கீறாம, நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. மனுசனுக்குப் போடற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும், எந்த ஆஸ்பத்திரில இருப்பு இருக்குன்னு முன்கூட்டியே விசாரிச்சு போன்ல பதிஞ்சு வைங்க.

கண்மாய்க்கரை (மதுரை):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா வரும்னு எதிர்பாக்கல. முடிவு எடுத்துட்டேன், பறவை பாக்கற எடத்துக்கும் மலைக்கும் அது வராது. விருதுநகர் அண்ணே சொன்ன மாதிரி திருமங்கலம் பக்கம் மாமாவோட தென்னந்தோப்பு ஒன்னு சுத்தி கம்பிவேலியோட இருக்கு, அங்க ஒரு கிணறு உண்டு, அதுக்கு மொதல்ல வலை போட்டு மூடணும். கேள்வி ஒன்னுதான் பாக்கி, ஞாயிறு காலைல வீட்ல விட்டுட்டுப் போறப்ப அது படற பாட்டுக்கு என்ன பண்றது?

மொட்டமாடி (சேலம்):

தம்பி, உங்க அம்மா இடத்துல இருந்து சொல்றேன். எங்க பையன் சைக்கிளிங்னு ஞாயிறு ஆனா ஏற்காடு போயிடுவான், அவன் நாய நான்தான் பாக்கறேன். நாய் ஆசைப்பட்டு வாங்குனது ஒருத்தர், ஞாயித்துக்கிழமை அதோட மல்லுக்கட்டறது இன்னொருத்தர்னு இருக்கக்கூடாதுன்னு ஒருநாள் உக்கார வச்சுப் பேசுனேன், அதுக்கப்புறம் சரியாச்சு.

அவன் இப்ப கெளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரமாச்சும் அத நடத்திட்டுத்தான் போறான், வேகமா நடத்தறதில்ல, அது மோந்து பாக்கணும்னா நின்னு நிதானமா மோந்து பாக்க விடுவான், அதுலயே பாதி களைச்சிரும். அப்புறம் வேகவச்ச கோழித் துண்ட பழைய துணியில சுருட்டி, அட்டைப்பெட்டில போட்டு, வீட்ல அங்கங்க ஒளிச்சு வச்சிருவான், அது தேடித் தேடி எடுக்கும், ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது, கிழிக்கணும்னா அந்த அட்டைப்பெட்டிய கிழிச்சுக்கட்டும். கெளம்பறப்ப கொஞ்சிக் கொஞ்சி டாட்டா சொல்றதெல்லாம் நிறுத்தச் சொன்னேன். வேலை நாள்லயும் சும்மா ஷூ மாட்டிட்டு சோபால உக்காந்துருப்பான், ஷூ போட்டா வெளிய போறதுன்னு இருந்தது மறந்து போச்சு அதுக்கு.

முழு நாளும் வெளிய இருக்கிற மாதிரி மேகமலைப் பயணம் எல்லாம் இருந்தா உங்க அம்மாகிட்ட முன்னாடியே கேட்டுட்டு தேதி வைங்க. அவங்களுக்கு முடியாத நாள்ல நாய் பழக்கம் உள்ள பக்கத்து வீட்டுப் பையன் யாராச்சும் மதியம் வந்து ஒரு நடை நடத்தி சோறு வச்சா போதும், அவனுக்கு காசு குடுங்க, சும்மா வாங்காதீங்க. மத்த ஞாயிறு பத்து மணிக்குள்ள திரும்பிடுங்க, குளிச்சுட்டு நாள் பூரா படுத்துறாம, சாயங்காலம் வெயில் தாழ அத தூக்கி வண்டியில வச்சுக்கிட்டு அந்த தென்னந்தோப்புக்கு கூட்டிட்டுப் போங்க. கிணத்துக்கு வலை மட்டும் போட்டா பத்தாது தம்பி, நாய் ஏறினா வலை தொஞ்சு போகும், கீழ கம்பி குறுக்க வச்சு மேல வலை கட்டச் சொல்லுங்க மாமாகிட்ட.