ஃபிட் பிரமாதம், ஆனா தப்பு: உங்களுக்கும் நடந்திருக்கா?

பள்ளத்தாக்கு:
யுரேனியம்-235ஓட நியூட்ரான் ரெசொனன்ஸ்களை (சில ஆற்றல்ல மட்டும் அணுக்கரு நியூட்ரானோட பலமா வினைபுரியற சிகரங்கள்) ரைஷ்-மூர்ங்கற சூத்திரத்துல அளவீட்டோட ஃபிட் பண்ற வேலை. பழைய அளவுருக் கோப்பை சாமிக்கு ஏத்த மாதிரி மாத்தணும் (அந்த ஃபிட்டைப் பண்ற புரோகிராம்; அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் லேப்காரங்க வெச்ச பேர் சாம்மி, எங்க லேபில் எல்லாருக்கும் சாமிதான்). பார்த்தா, நிறைய ஃபிஷன் அகலம் (கரு பிளக்கறதோட பங்கைச் சொல்ற எண்) மைனஸில் கிடக்கு. அகலம் எப்படிங்க மைனஸ் ஆகும்? யாரோ தப்பா அடிச்சிருக்காங்கன்னு, ஸ்கிரிப்ட்டில் ஒரே வரி போட்டு எல்லா மைனஸையும் தூக்கிட்டேன்.

கிராஃபில் சிகரமெல்லாம் கச்சிதமா உட்கார்ந்துச்சு. கைடு சிகரத்தைப் பார்க்கவே இல்லை. ரெண்டு சிகரத்துக்கு நடுவுல பேனா மூடியை வெச்சு, "இங்க ஏம்ப்பா தண்ணி தேங்கி நிக்குது?"ன்னார். அளவீடு இறங்குற இடத்துல என் கோடு மேலயே மிதக்குது. அந்த மைனஸ் அகலத்தோடது இல்லை, வீச்சோட குறி (வீச்சை வர்க்கம் பண்ணாத்தான் அகலம்). பக்கத்துல அதே ஸ்பின்ல இருக்கற ரெசொனன்ஸோட கூடணுமா கழியணுமான்னு சொல்றது. மூணு மாச வேலை போச்சு. கறுப்பு மூடி. இன்னும் கண்ணுலயே நிக்குது.

தகடு:
எனக்கு 4.28 ஈவி (எலக்ட்ரான் வோல்ட், நியூட்ரானோட ஆற்றல்). தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. 4 மில்லிமீட்டர் நயோபியம் தகடு, டைம் ஆஃப் ஃப்ளைட் (நியூட்ரான் வந்து சேர்ற நேரத்தை வெச்சு ஆற்றலைக் கணக்கிடறது), 25 மீட்டர் பாதை. தகட்டைத் தாண்டி வர்ற நியூட்ரான் எண்ணிக்கையில, 870 மைக்ரோசெகண்ட் பக்கத்துல சின்னதா ஒரு குழி. நயோபியத்துக்கு அங்க ஒண்ணுமே கிடையாது. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டோம்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை! விடிஞ்சு பார்த்தா, தகட்டுல கலந்திருந்த டாண்டலத்தோட ரெசொனன்ஸ். ரெண்டும் தாதுவுலயே ஒட்டிப் பிறந்தது, பிரிக்கறது கஷ்டம். பேர்லயே இருக்கு, கிரேக்கக் கதையில டாண்டலஸோட மகள்தானே நயோபி.

பழையஆள்:
பள்ளத்தாக்கு தம்பி, அந்தக் குறி விஷயம் ஃபார்மட் கையேட்டுலயே இருக்கு. படிக்காம ஸ்கிரிப்ட் எழுதினா சாமி என்ன பண்ணும்? நானும் ஒருதரம் பட்டிருக்கேன், அது வேண்டாம். எல்லாருக்கும் சொல்றேன், ஒரே தடிமனை நம்பாதீங்க. மெல்லிசுத் தகட்டுல குழியோட பரப்பு நியூட்ரான் அகலத்தைத் தரும். தடிச்ச தகட்டுல அதையும் மொத்த அகலத்தையும் பெருக்கித்தான் தரும். ரெண்டும் இருந்தாத்தான் பிரிக்க முடியும். யுரேனியம்-238ல 6.67 ஈவியை எடுத்துக்குங்க. நியூட்ரான் அகலம் 1.5 மில்லி ஈவி, காமா அகலம் (நியூட்ரானைப் பிடிச்சு காமா கதிர் விடறதுக்கானது) 23. அளவுல பார்த்தா டாப்ளர் விரிவே (அணுக்கள் சூட்டுல அசையறதால வர்ற அகலிப்பு) இதைவிடப் பெரிசு. தடிச்ச தகட்டுல நடு முழுக்கக் கறுத்துடும் (நியூட்ரான் தாண்டாது), ஓரங்கள்தான் பேசும். அதனால பின்னணியையும் நார்மலைசேஷனையும் (மொத்த அளவைச் சரிக்கட்டற எண்) கையால நிறுத்தி வெக்காம ஃபிட்டோடயே விடுங்க. கோவேரியன்ஸை (அளவுருக்களோட பிழைகள் ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேர்ந்திருக்குன்னு சொல்றது) கடைசி நாள்ல தேடாதீங்க. சாம்பிள் வெப்பநிலையை நோட்டுல குறிங்க. தகடு தம்பியும் மெல்லிசா எடுத்திருந்தா இந்த அலைச்சலே இருந்திருக்காது.

பள்ளத்தாக்கு:
ஐயா, நான் கேட்டது உங்க கதையை.

தகடு:
சார், மெல்லிசா எடுத்திருந்தா அந்தக் குழி கண்ணுலயே பட்டிருக்காது. டாண்டலத்தையும் சேர்த்தே நயோபியம்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.