ரத்தினக் கம்பளத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு

டர்பன், ரிசர்வாயர் ஹில்ஸ்

பட்டு என்று நம்பி 38,000 ராண்டுக்கு நாங்கள் வாங்கிய கம்பளத்தைப் பற்றி எழுத ஆறு மாதமாக மனசு வரவில்லை. அதே மாதிரி ஏலத்துக்குப் போகப்போவதாகவும், எதைப் பார்த்து வாங்குவது என்றும் ஒரு தங்கை நம் தென்னாப்பிரிக்கத் தமிழர் பக்கத்தில் கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

உம்லாங்காவில் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏலம். சுங்கத்தில் மாட்டிய சரக்கு, அவசரமாகத் தள்ளிவிடுகிறோம் என்றார்கள். ஈரானின் கோம் நகரத்துப் பட்டு, சதுர அங்குலத்துக்கு 600 முடிச்சு, மதிப்பு 1,20,000 ராண்ட் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். என் கணவர் கை தூக்கினார். நானும் தடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஓரத்தில் நூல் பிரிந்தது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் கம்பளம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் விரித்து, ஒரு மூலையைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் பின்பக்கத்தைக் கீறிக்கொண்டே போனார். “கைமுடிச்சுதாம்மா, அது பொய் இல்லை” என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் ஒரு ஊசியை எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிவப்புப் புடைப்புகளைத் தொட்டுக் காட்டினார். ஒரு முடிச்சு, நீளவாக்கில் ஓடும் இரண்டு பாவு நூலைச் சுற்றி விழுகிறது. பாவு நூல்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் பின்னால் அந்த ஒரே முடிச்சு இரண்டு புடைப்பாகத் தெரியும். எங்களுக்கு விற்றவர்கள் புடைப்பை எண்ணி முடிச்சு என்று எழுதியிருக்கிறார்கள். 600 என்றது 300 ஆனது.

பிரிந்த நூலில் ஒரு இழையை நறுக்கித் தீக்குச்சி காட்டினார். சட்டென்று பற்றி, காகிதம் எரிந்த வாசனையோடு பஞ்சுபோல் சாம்பலானது. பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும், நுனியில் கறுப்பாகச் சுருண்டு, நசுக்கினால் பொடியாகும். இது விஸ்கோஸ், பட்டு மாதிரி மினுக்கும் செயற்கை நூல். தண்ணீர் பட்டால் பளபளப்பே போய்விடும், விற்றாலும் 5,000 கிடைப்பது கஷ்டம் என்றார்.

தங்கை, சான்றிதழை எழுதியவரே விற்பவராக இருந்தால் அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு.

தாத்தா ஹோட்டலில் வெயிட்டராக இருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் அவரிடம் ஒரு கம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. முரட்டுக் கம்பளி, கோணல்மாணலான பெரிய நட்சத்திரம் மாதிரி நடுப்பூ. ஆயா அதை இஸ்திரி மேசைக்கு அடியில் போட்டிருந்தார். அண்ணன் வீடு கட்டியபோது தூக்கிப்போட இருந்தோம்.

வாங்க வந்த வியாபாரி நல்ல மனிதர். பின்பக்கம் எண்ணிக் காட்டினார்: அங்குலத்துக்குக் குறுக்கே 8, நெடுக்கே 8, ஆக 64 முடிச்சுதான். வடமேற்கு ஈரானின் ஹெரிஸ் வட்டாரக் கம்பளம், அங்கே நெசவே அப்படி, கொஞ்ச முடிச்சில் பெரிய வடிவம் போடுவார்கள் என்றார். பிறகு மேலே நிற்கும் நூல்முனைகளை, அதாவது ரோமத்தை, இரு கையாலும் பிளந்து அடிவேர் வரைக்கும் காட்டினார். நுனியில் இருந்த சிவப்புதான் அடியிலும் இருந்தது. பழைய மட்டமான ரசாயனச் சாயமாக இருந்தால் நுனி வெளுத்து அடி மட்டும் பளிச்சென்று இருக்குமாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தார், துணியில் ஒன்றும் ஏறவில்லை. தேய்ந்த இடத்தில் மை பூசி மறைத்திருந்தால் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

நீலத்தின் நடுவில் பட்டைபட்டையாக நிறம் மாறியிருந்ததைக் குறை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு சாயத்தொட்டி நூல் தீர்ந்து அடுத்த தொட்டி நூல் வந்த இடம் அது. அதற்கு அப்ராஷ் என்று பெயரே இருக்கிறது, விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. மஞ்சிட்டி வகை வேரின் சிவப்பும் அவுரி நீலமும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன. நாங்கள் விற்கவில்லை.

முடிச்சு கூடினால் விலை கூடும் என்பது ஒரே ஊர்க் கம்பளங்களை ஒப்பிடும்போது மட்டும் சரி. ஹெரிஸை, நெருக்கமாக முடிச்சுப் போடும் இஸ்ஃபஹான் நகரத்துக் கம்பளத்தோடு வைத்து எண்ணக்கூடாது.

டோங்காட்

எங்களுடையது சோகம். ஈரானின் காஷான் நகரத்து உண்மையான கம்பளம், அம்மா வழியில் வந்தது. பத்திரம் என்று பிளாஸ்டிக்கில் சுற்றி கராஜில் வைத்தோம். இந்தக் கடலோரக் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பிரித்து லேசாக மடித்தபோது காய்ந்த சருகு மாதிரி சடசடவென்று சத்தம். பருத்திப் பாவு உளுத்துப்போயிருந்தது. ரோமம் புதுசுபோல இருந்தும் பார்த்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், பழுதுபார்க்க இடமில்லை என்று. வாங்குகிறவர்கள் ஓரிரு இடத்தில் மெதுவாக மடித்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அலமாரிக்கு அடியில் கிடந்த பாகத்தைக் கட்டாயம் பாருங்கள், பூச்சி இருட்டில்தான் தின்னும்.

லெனேசியா

குஞ்சத்தை யாரும் சொல்லவில்லையே. பாவு நூல் வெளியே நீண்டு நிற்பதுதான் குஞ்சம். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்: மெஷின் நெசவாக இருக்கலாம், அல்லது முனை தேய்ந்துபோய்ப் பிறகு வைத்ததாக இருக்கலாம். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் முடிச்சே இல்லை, ரோமத்தைத் துணியில் குத்திப் பசை தடவியது. நம் பவானி ஜமக்காளத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், அதனால் நமக்குத் திருப்பிப் பார்க்கும் பழக்கமே வரவில்லை என்று நினைக்கிறேன்.

விலை விஷயம். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு வேறு, நாளைக்கு விற்றால் கையில் வரும் காசு வேறு. முதலாவது, கடையில் புதிதாக வாங்க ஆகும் செலவு. இரண்டாவது அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். 2013-இல் நியூயார்க் ஏலத்தில் 17-ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கம்பளம் ஒன்று 3.37 கோடி டாலருக்குப் போனதை ஏலக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அது அருங்காட்சியகத்தில் இருந்த அபூர்வச் சரக்கு. நம் வீட்டுக் கூடத்துக் கம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டர்பன், ரிசர்வாயர் ஹில்ஸ்

எல்லோருக்கும் நன்றி. லெனேசியா அண்ணா சொன்னதும் அத்தை வீட்டில் சுருட்டி வைத்திருக்கும் சிவப்புக் கம்பளம் ஞாபகம் வந்து, நேற்றே போய் வராந்தாவில் விரித்தோம். குஞ்சம் பாவோடு சேர்ந்தே வருகிறது. இரட்டைப் புடைப்பைச் சேர்த்து ஒன்றாகவே எண்ணினேன்: குறுக்கே 12, நெடுக்கே 10. ஆறடிக்கு நாலடி, கணக்குப் போட்டால் நாலு லட்சத்துக்கு மேல் முடிச்சு. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, “இத்தனையும் ஒருத்தர் கையாலயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மூலையில் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பெரியவரிடம் கொண்டுபோகிறோம்.