புதுப்பிப்பு: டிஎக்ஸ்எஃப் (வரைபடக் கோப்பு) 25.4 மடங்கு பெரிதாவது தீர்ந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் மி.மீ.யில் வரைந்த, பெட்டியின் 564 மி.மீ. அடிப்பலகை, சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) மென்பொருளில் 14325.6 ஆகத் திறந்தது. சில துளைகளை இயந்திரம் இருமுறை போட்டது.

'இன்ஸ்யூனிட்ஸைப் பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. வரைபடத்தின் அலகைச் சொல்லும் அந்த அமைப்பின் மதிப்பு 1, அதாவது அங்குலம் (25.4 மி.மீ.). 4 (மி.மீ.) என மாற்றி, புது வரைபடங்கள் தொடங்கும் டெம்ப்ளேட்டிலும் சேமித்தாயிற்று. இதை மாற்றினால் ஏற்கெனவே வரைந்த கோடுகள் அளவு மாறாது, பயம் வேண்டாம். இரட்டைத் துளைக்குக் காரணம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த வட்டங்கள்; ஓவர்கில் கட்டளை நீக்கிவிட்டது.

எதிர்பாராதது: பழைய கீல் பிளாக்கின் (தேவைப்படும்போது செருகும் தயார் வரைவு) அலகு அங்குலமாகவே இருந்ததால், புதிதாகச் செருகியபோது 35 மி.மீ. குழி 889 ஆனது. பிளாக் எடிட்டரில் பிளாக்கின் அலகையும் மி.மீ. ஆக்க வேண்டும். பிளாக் நூலகத்தில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

இன்னொன்று, '18 மி.மீ.' பிளைவுட் வெர்னியரில் 17.4தான். இரு பக்கப் பலகைக்கும் 18 எனக் கணக்கிட்டதால், 600 அகலப் பெட்டி 598.8 ஆக முடிந்தது. அடிப்பலகை 565.2 இருந்திருக்க வேண்டும். இப்போது தடிமன் டைனமிக் பிளாக்கில் (அளவை மாற்றக்கூடிய பிளாக்) ஒரு பாராமீட்டர். பிளைவுட் லோடு வந்ததும் அளந்து மாற்றுகிறோம்.