தேனீ மேல் ஒட்டிய மகரந்தம் பூவில் எப்படி இறங்குகிறது?

கீரைப்பாத்தி:
பரங்கிக் கொடிக்குத் தேனீ நிறைய வருகிறது. ஆண்பூவுக்குள் போனால் உடம்பெல்லாம் மஞ்சளாகத்தான் வெளியே வருகிறது. அப்படியும் பாதிப் பிஞ்சு வெம்பி விழுகிறது. தப்பியதில் சில ஒரு பக்கம் சூம்பியிருக்கிறது. தூள் தேனீயிடமே தங்கிவிடுகிறதா?

தேன்கூடு:
பரங்கித் தூளை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். மகரந்தப்பையின் உள்சுவர் பூசிவிடும் எண்ணெய்ப் பசை அது. காற்றை நம்பியிருக்கும் மக்காச்சோளத் தூளில் அது மிகக் குறைவு, அதனால் பறக்கிறது. தேனீயின் மயிரும் கிளை கிளையாகப் பிரிந்தது; தூள் இடையில் சிக்கிக்கொள்ளும். போதாததற்கு மின்னேற்றம்: பறக்கும் தேனீயில் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் சேரும், பூ சற்றே எதிர்மின். தொடுவதற்கு முன்பே தூள் தாவி மயிரில் ஏறிவிடும்.

இறங்குவதும் இதே விசைகளால்தான். பெண்பூவின் நடுவில் தூளை ஏற்கும் பகுதியான சூலகமுடி நீட்டிக்கொண்டிருப்பதால் மின்புலம் அதன் நுனியில் குவிகிறது. தேனீ உரசும்போது, மேடுபள்ளமான அந்தப் பரப்பின் பிடி மயிரின் பிடியை மிஞ்சிவிடும். ஒட்டிய தூள் அங்கிருந்து ஈரம் உறிஞ்சி முளைவிடும்.

விதைமணி:
மேலே சொன்னது சரி. ஆனா பிஞ்சு விழுறதுக்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தாங்க. பரங்கிப்பூ விடியும்போது விரிஞ்சு, முற்பகலிலேயே சுருங்கிடும். வெயில் ஏற ஏற தூளோட உயிரும் போயிடும். தேனீ காலில் உருட்டின உருண்டையைக் கணக்கில் சேர்க்காதீங்க. தேன் கலந்து பின்னங்காலில் இருக்கிற மகரந்தக் கூடைக்குப் போனது, பூவுக்குத் திரும்பாது. கால் எட்டாத இடத்தில் உதிரியா நிக்கிற தூள்தான் பயன்படும். காலையில் பூமேல தண்ணீர் தெளிச்சாலும் கெட்டது, தூள் உப்பி வெடிச்சிடும்.

சூம்பல் ஏன்னா, சூலகமுடிக்கு மூணு மடல். தூள் போதாத பக்கம் விதை பிடிக்காது, சதையும் பருக்காது. காலை 6 – 8 மணிக்குள் அன்னிக்கு விரிஞ்ச ஆண்பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சு, மூணு மடலிலும் சுத்தித் தடவுங்க. ஒரு பெண்பூவுக்கு ஒரு ஆண்பூ தாராளம்.

கீரைப்பாத்தி:
நன்றி. கத்தரிக்கும் இப்படித்தானா?

தேன்கூடு:
இல்லை. கத்தரித் தூள் காய்ந்த பொடி, மகரந்தப்பை நுனித் துளைவழியேதான் கொட்டும். பூவைக் கவ்விச் சிறகுத் தசையை அதிரவைக்கும் தச்சுத்தேனீ போன்றவை வேண்டும். பெட்டித் தேனீக்கு அது வராது. முற்பகலில் பூக்காம்பை விரலால் சுண்டிவிட்டாலே போதும்.